ஐப்பசியில் ஒட்டுசுட்டான் வழியே

முள்ளியவளை, வன்னி,
இலங்கை,
ஐப்பசி மாதம்.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள பெல்பவுன்டன் என்ற சிற்றூருக்கு இலையுதிர்காலத்தைப் பார்க்கக் குடும்பத்துடன் காரில் போய் வந்ததை நீ விரிவாக எழுதியிருந்தாய். அந்தச் சிவப்பு மேப்பிள் இலைகள் உண்மையிலேயே அந்த நிறம்தானா, அல்லது கைபேசி கூட்டிக் காட்டுகிறதா என்று என் பேத்தி கேட்டாள். பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் இலையிலுள்ள பச்சையம் சிதைந்துவிட, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது என்றும், சிவப்பு மட்டும் அந்த நாட்களில் புதிதாக உண்டாகிறது என்றும் அவளுக்கு விளக்கினேன். விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு ஓய்வூதியம் கொடுக்கலாம், ஓய்வு கொடுக்க முடியாது. ஒன்ராறியோச் சட்டமன்றக் கட்டடத்துக்கு அந்தக் கிரெடிட் பள்ளத்தாக்கிலிருந்துதான் மணற்கல் வெட்டிக்கொண்டு போனார்கள் என்ற செய்தி எனக்குப் புதிது. கல் வெட்டியவர்கள் போன பாதையில் இன்று இலை பார்க்கப் போகிறவர்கள் வரிசையில் நிற்கிறீர்கள்.

கடிதத்தின் முடிவில், "நம் வன்னியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, காய்ந்த காடும் புழுதியும்தானே" என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில். நீ வருவதெல்லாம் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, ஓகஸ்டில். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை என்ற காரணம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த மாதத்தில் இங்கே குளங்கள் அடிவற்றி, வயல்கள் வெடித்து, மாடுகள் நிழல் தேடி வீதிக்கு வந்துவிடும். மேப்பிளை மாசி மாதத்தில் வந்து பார்த்துவிட்டு, கனடாவில் மரமே பட்டுப்போயிற்று என்று நான் சொன்னால் நீ சிரிக்க மாட்டாயா?

போன கிழமை மாங்குளத்தில் ஓர் அலுவல் இருந்தது. மருமகன் தன் காரில் கூட்டிச் சென்றார். திரும்பும்போது முல்லைத்தீவு வீதியில் மெதுவாக ஓட்டச் சொன்னேன். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுவரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர்தான். நேரே விட்டால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், ஆகையால் எல்லோரும் நேரே விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. இரண்டு மூன்று நல்ல மழை விழுந்திருந்ததால் பாலையும் வீரையும் புழுதி கழுவப்பட்டு, இலைக்கு இலை மினுங்கிக்கொண்டு நின்றன. உங்கள் ஊர் மரங்களைப் போல இவை ஒருமிக்க நிறம் மாறி ஒருமிக்க உதிர்வதில்லை. ஆண்டு முழுவதும் பச்சை என்றுதான் சொல்வோம், ஆனால் ஆவணிப் பச்சைக்கும் ஐப்பசிப் பச்சைக்கும் உள்ள வேறுபாடு அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். காடு விலகும் இடங்களிலெல்லாம் காலபோக நெல் விதைப்பு வேலை. மழைக்கு முன்பே புழுதியில் விதைத்தவர்களின் வயல்களில் முளை வந்துவிட்டது. பிந்தியவர்கள் உழவு இயந்திரத்தை இறக்கியிருந்தார்கள். அதன் பின்னால் கொக்குகள் கூட்டமாக நடந்தன. நடுவில் காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களை, வாகனம் பழுதா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வரம்பால் ஏறி வந்தார். சும்மா பார்க்கிறோம் என்றதை அவர் நம்பவில்லை.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். குரக்கன் அறுத்த தாளுக்குத் தீ வைத்தபோது ஓரிடம் மட்டும் வேகாமல் நின்றதென்றும், அங்கே இலிங்கம் வெளிப்பட்டதென்றும் சொல்லப்படும் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைப் பேத்திக்குச் சொன்னேன். இலிங்கத்தை விட்டுவிட்டுக் குரக்கனைப் பற்றியே அவள் கேட்டாள்; அவள் குரக்கன் பிட்டுச் சாப்பிட்டிருக்கிறாள், பயிரைப் பார்த்ததில்லை.

ஒட்டுசுட்டானை அண்டிய கற்சிலைமடுவில் நான் கூடுதல் நேரம் நின்றேன். இந்த இடத்தில் கப்டன் வொன் டிறிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை 1803 ஒக்ரோபர் 31 இல் தோற்கடித்தார் என்று ஆங்கிலேயர் எழுதி நட்ட கல், உள்நாட்டுப் போர் முடிந்தபின் உடைக்கப்பட்டு, பிறகு மீண்டும் நிறுவப்பட்டது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அந்தத் திகதி ஐப்பசியின் நடுப்பகுதி. மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று மூன்று பக்கத்திலிருந்தும் படை வந்து இந்தக் காட்டில் மடக்கியது, இதே மழை தொடங்கும் காலத்தில்தான். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்ற, அங்கிருந்த படை கடல்வழியாகத் தப்பி ஓடியதே, அதைப் பற்றிக் கல்லில் ஓர் எழுத்தும் இல்லை. கல்லுக்கு ஒக்ரோபர் மட்டும் தெரியும், உனக்கு ஓகஸ்ட் மட்டும் தெரியும் என்று மருமகனிடம் சொன்னேன். உன்னைத் தெரியாததால் அவர் சிரிக்கவில்லை.

முத்தையன்கட்டுக் குளக்கட்டிலும் சற்று நேரம் ஏறி நின்றோம். நீர் இன்னும் கீழேதான். பேராறு வரத் தொடங்கியிருக்கிறது. மழை இப்படியே பெய்தால் கார்த்திகை கடைசியிலோ மார்கழியிலோ குளம் நிறைந்து வான் பாயும் என்று அங்கே தூண்டில் போட்டவர்கள் சொன்னார்கள். பொழுதுபடுமுன் கிளம்பச் சொன்னதும் அவர்கள்தான். அந்தப் பக்கம் யானை இறங்குகிறதாம்.

போர் முடிந்த 2009 இல் இந்த வீதி எப்படிக் கிடந்தது என்று எழுதி உன்னை வருத்த விருப்பமில்லை. பார்க்க என்ன இருக்கிறது என்று நீ கேட்டபோது உன் மனத்தில் இருந்தது புழுதி மட்டுமல்ல என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைகளை அந்த நினைவுகளுக்குள் கூட்டிவரத் தயங்குகிறாய். ஆனால் அவர்களுக்கு இந்த ஊர் நீ சொன்ன கதையாகவே இருந்துவிடக் கூடாது; விதைப்பு நடக்கிற ஊராகவும் அவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆகவே அடுத்த ஆண்டு ஒக்ரோபர் கடைசியில் வரப் பார். இரண்டு கிழமைப் பாடம் தவறினால் நான் இருந்து சொல்லிக்கொடுக்கிறேன். குடை கொண்டுவர வேண்டாம், இங்கே நல்லது கிடைக்கும். நுளம்புவலையும் வாங்கி வைக்கிறேன். மழையில் ஒழுங்கைகள் சேறாகிவிடும், ஆகையால் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சப்பாத்து வேண்டாம். விடுமுறை எடுக்க முடியுமா என்பதை உன் மனைவியிடம் கேட்டு, தை பிறப்பதற்கு முன் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் பழைய வகுப்புத் தோழன்