அமலிக்கு, பாட்டுக் கேட்பது பற்றி

அன்புள்ள அமலிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுதினால் கடைசி வரைக்கும் படிப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. ஜான்சி வீட்டுக் கல்யாணம் தைக்குத் தள்ளிப் போய்விட்டது. மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு போடுகிற அந்த டர்ன்டேபிளைப் பற்றிக் கேட்டேன். "அது இப்ப இங்க இல்லம்மா" என்றாய். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாயா என்று கேட்டதற்கு, அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று சொன்னாய். நான் மேலே கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது அது. மாப்பிள்ளை அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிற போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. சரி, இல்லாவிட்டால் போகட்டும். பாட்டுக் கேட்காமல் மட்டும் இருக்காதே. இப்போது எல்லாமே போனில் கிடைக்கிறதே. ஒன்று மட்டும், கலைத்துப் போட்டுக் கேட்காதே. ஒரு ரெக்கார்டை எடுத்தால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே வரிசையில் கேள். சாப்பிட்டுவிட்டுக் கேள்.

மாமாவின் பெட்டியைத் திறந்து ரெக்கார்டுத் தட்டுகளையெல்லாம் துடைத்து வைத்தேன். எந்தத் துறைமுகத்தில் வாங்கியது என்று அவர் அட்டையின் பின்னால் பென்சிலில் எழுதியது இன்னும் அழியவில்லை. துடைக்கத் துடைக்க, உனக்கு இப்போது எதெது நல்லது என்று தோன்றியதை எழுதி வைத்தேன்.

முதலில் மார்வின் கே, 'வாட்ஸ் கோயிங் ஆன்', 1971. முப்பத்தைந்து நிமிடம்தான். முதல் பக்கத்தில் ஒரு பாட்டு முடிந்த இடமே தெரியாமல் அடுத்தது தொடங்கிவிடும். அதனால்தான் வரிசையை மாற்றாதே என்கிறேன். அவருடைய தம்பி வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பி வந்து சொன்ன கதைகள் இதில் இருக்கின்றன. கூடவே ஜோடியாகப் பாடிய டாமி டெரல் மூளையில் கட்டி வந்து 1970-இல் இறந்துபோனாள், இருபத்து நாலு வயதில். மனிதர் அப்படியே ஒடுங்கிப்போனார். பிறகு வந்ததுதான் இந்த ரெக்கார்டு. தலைப்புப் பாட்டை மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் முதலாளி பெரி கோர்டி வெளியிடவே விரும்பவில்லை. வெளிவந்த பிறகு முழு ஆல்பமும் உடனே வேண்டும் என்று அவரே கேட்டார். அந்தப் பாட்டு அம்மாவைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது, உனக்கே தெரியும். அதில் பேஸ் கிடாரை மட்டும் தனியாகக் கவனி. ஜேம்ஸ் ஜேமர்சன் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வாசித்தார் என்பார்கள். இப்படிப் பின்னால் வாசித்தவர்கள் பெயரெல்லாம் அந்தக் கம்பெனியின் அட்டையில் முதலில் அச்சானது இந்த ரெக்கார்டில்தான். அதுவரை எத்தனையோ வெற்றிப் பாட்டுக்கு வாசித்தும் பெயர் கிடையாது.

நான் டெட்ராய்டுக்கு வந்திருந்தபோது வெஸ்ட் கிராண்ட் புலிவார்டில் இருக்கிற அந்த மோட்டவுன் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். எவ்வளவு சின்ன வீடு! பெரி கோர்டி 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி. அதற்கு முன் கார் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நின்றவர் அவர். என் மகளும் இதே ஊரில் கார்தான் செய்கிறாள் என்று அங்கே நின்ற ஒரு அம்மாவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நீ வெட்கப்பட்டாய். நான் இன்றைக்கும் சொல்வேன். தெற்கு பீச் ரோட்டில் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அப்படிப்பட்ட பெண்ணுக்கு அம்மாவிடம் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச வரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இரண்டாவது பில் விதர்ஸ், 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. அதுவும் 1971. நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்து, சின்ன வயதில் திக்குவாயால் அவதிப்பட்டு, ஒன்பது வருஷம் கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர். விமானத்துக்குக் கழிவறை செய்கிற தொழிற்சாலையில் வேலை. அட்டைப் படத்தில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிறாரே, அது அந்தத் தொழிற்சாலையிலேயே மதிய இடைவேளையில் எடுத்தது. ரெக்கார்டு வந்த பிறகும் வேலையை விட அவருக்குப் பயம். அப்போது வயது முப்பத்திரண்டு. எல்லாம் முடிந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று நீ அன்றைக்குச் சொன்னாயே, அதற்காகத்தான் இந்த வயதை எழுதுகிறேன். அதில் பாட்டியின் கைகளைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, இரண்டே நிமிடம். உன் ஆச்சி இருந்திருந்தால் நீ அவளிடமாவது சொல்லியிருப்பாய்.

ஸ்டீவி வொண்டரின் 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்', 1976. பெரிய ரெக்கார்டு. இரண்டு தட்டு, போதாததற்கு நாலு பாட்டோடு ஒரு குட்டித் தட்டும் கூட. லீவு நாளில் கேள். பிறந்த மகளைப் பற்றி அவர் பாடியதை நீ கைக்குழந்தையாக இருக்கும்போது போடுவேன். அதில் குழந்தை அழும் சத்தம் வந்தால் நீ அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாய். எவ்வளவு தெளிவான பிள்ளை என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். நன்றாகச் சாப்பிடு அமலி. ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

ஃபிளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' பெட்டியில் இருந்தது. அதை எழுதவில்லை. நல்ல ரெக்கார்டுதான், எனக்கு ரொம்பப் பிடித்ததும்கூட. அந்தக் குழுவில் இருந்த இரண்டு ஜோடியும் பிரிந்துகொண்டிருந்த நேரத்தில், தினமும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதிய பாட்டுக்கு வாசித்து முடித்தது. இப்போது அது வேண்டாம். வேறு எவ்வளவோ இருக்கிறது.

அரீத்தா பிராங்க்ளினைக் கேள். 'ரெஸ்பெக்ட்' இல்லை, அதை நீ வேண்டிய மட்டும் கேட்டுவிட்டாய். 1972-இல் வந்த 'அமேசிங் கிரேஸ்'. அவருடைய அப்பா உங்கள் டெட்ராய்டில்தான் பாஸ்டர், நியூ பெத்தேல் சர்ச்சில். அங்கே பாடிப் பழகிய பெண். உலகமே அவர் பாட்டைக் கேட்கிற காலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சர்ச்சில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வெறும் கோவில் பாட்டாகப் பாடினார். தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல் போகும். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி அங்கேயே நிற்பார். கொயர் பின்னாலிருந்து தாங்கும், ஜனங்கள் எழுந்து நின்று கூப்பிடுவார்கள். நம் மாதா கோவிலில் தங்கத்தேர் வருஷம் நீ சோலோ பாடியபோது எனக்கு அப்படித்தான் உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது ராத்திரி அரீத்தாவின் அப்பாவும் வந்திருந்தார். அவர் பேசியதும் ரெக்கார்டில் இருக்கிறது. இவள் சர்ச்சை விட்டுப் போகவே இல்லை என்று சொல்கிறார். அரீத்தாவின் முதல் கல்யாணம் 1969-இல் முறிந்துபோனது. அதற்குப் பிறகுதான் இந்த ரெக்கார்டு. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் எத்தனையோ மேடை. இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

கோவிலுக்குப் போ. பாட வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வா. யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்', 1975. இதை நீதான் எனக்குப் புரிய வைத்தாய், பன்னிரண்டாவது படிக்கும்போது. சிட் பாரெட்டை நினைத்து எழுதியது. மனம் குலைந்து குழுவை விட்டுப் போன அந்தப் பையன், இவர்கள் ஸ்டுடியோவில் அவனைப் பற்றிய பாட்டை முடித்துக்கொண்டிருந்த நாளில் தானாகவே வந்து நின்றான். தலையும் புருவமும் மழித்து, உடம்பு பருத்து. சின்ன வயதிலிருந்து தெரிந்த சிநேகிதர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அடுத்த தடவை வீடியோவைப் போட்டுப் பேசு. எப்படி இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். முகத்தைக் காட்டு, போதும், ஒன்றும் கேட்கமாட்டேன். சிட் பாரெட் பிறகு கேம்பிரிட்ஜில் தன் அம்மாவிடமே போய்விட்டார். தோட்டம் போட்டுக்கொண்டு, படம் வரைந்துகொண்டு இருந்தார். அந்தக் கதையில் எனக்கு ஆறுதலான இடம் அதுதான். உன் அறையில் ஒன்றையும் மாற்றவில்லை. மின்விசிறி மட்டும் புதிது போட்டேன்.

ஒரு பக்கம் முழுதாகக் கேள், நடுவில் நிறுத்தாதே. சாப்பிட்டுவிட்டுக் கேள்.

கிறிஸ்துமஸ் பார்சல் இந்த மாதக் கடைசிக்குள் போட்டால்தான் நேரத்துக்கு வந்து சேரும் என்று கூரியர்காரர் சொல்கிறார். மக்ரூன் சொல்லிவிட்டேன், உனக்குப் பிடித்த அந்தக் கடையில்தான். உனக்குச் சுடிதார் எடுத்துவிட்டேன், மெரூன் நிறம். மாப்பிள்ளைக்குச் சட்டை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கட்டுமா வேண்டாமா என்று மட்டும் ஒரு வார்த்தை எழுது. காரணம் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அம்மா