மேடைக்கு எர்த், டிரைவருக்குத் தூக்கம்: விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தை பிறந்தது முதல் ஆடி முடியும்வரை தென் மாவட்டக் கோயில் கொடைகளுக்கும் பொங்கல் விழாக்களுக்கும் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் மெல்லிசைக் கலைஞர்கள் நாங்கள். அட்வான்ஸ் கொடுக்க வரும் விழாக் குழுவினர், பாடகர் யார், எத்தனை பாட்டு என்றெல்லாம் விவரமாகக் கேட்கிறார்கள். மேடைக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, கச்சேரி முடிந்து குழு எங்கே படுக்கும் என்ற பேச்சு மட்டும் வருவதே இல்லை. எங்கள் உயிருக்கு ஆபத்து வருவது இந்த இரண்டால்தான்.

முதலில் கரண்ட். பாடகர் கையில் இரும்பு வலை போட்ட மைக், கிட்டார்காரர் விரலில் கம்பி. மைக் ஒயர் வந்து சேரும் ஒலி மிக்ஸர் ஒரு இணைப்பிலும் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வேறொரு இணைப்பிலும் இருந்து, எர்த்தும் சரியில்லை என்றால், கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டவுடன் ஷாக் அடிக்கும். கோயில் மேடை என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறோம். மழை பெய்த தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது அந்த ஷாக் ஆளையே கொன்றுவிடும்.

ஆகவே கீபோர்டு, ரிதம் பேட், ஆம்ப், மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும். அந்தப் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும். சீரியல் செட், அலங்கார வளைவு, கடைத்தெரு லைட் எல்லாம் வேறு ஃபேஸில் போகட்டும். எர்த் இருக்கிறதா என்பதை டெஸ்டர் சொல்லாது, மல்டிமீட்டர் வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எண் துள்ளிக்கொண்டே இருந்தால் எர்த் அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஜெனரேட்டர் ஓரத்தில் ஒரு சாண் ஆணியை அடித்துக் கம்பியைச் சுற்றிவிட்டு, எர்த் போட்டாயிற்று என்கிறார்கள். எர்த் ராடு இரண்டு மீட்டராவது மண்ணுக்குள் இறங்க வேண்டும். சித்திரை வெயிலில் மண் வறண்டு எர்த் பலவீனமாகிவிடும். சாயங்காலம் அந்த இடத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் உறுமல் கேட்கிறது என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டும் பழக்கம் எங்கள் ஆட்களிடமும் இருக்கிறது. அதை உடனே நிறுத்த வேண்டும். உறுமலைப் போக்க, கருவிகளை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் சுவிட்ச் இருக்கிறது.

அடுத்தது நியூட்ரல். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் கம்பி லூசாகி விலகினால், சுமை குறைவான ஃபேஸில் வோல்ட்டேஜ் 400 பக்கம் ஏறிவிடும். கீபோர்டு, மிக்ஸரின் பவர் சப்ளை எல்லாம் அந்த நொடியிலேயே புகைந்துவிடும். ஒரு சீசன் வருமானம் அதோடு போயிற்று. ஜெனரேட்டர் ஓட்டுபவர் நியூட்ரல் நட்டைச் சாவி போட்டு முறுக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகுதான் எங்கள் பிளக்கைச் சொருக வேண்டும். ஒயரின் தடிமனும் முக்கியம். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் ஜெனரேட்டரிலிருந்து 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே 36 வோல்ட் காணாமல் போகும். 194 வோல்ட்டில் ஆம்ப் திணறலாம், சில கீபோர்டுகள் அணைந்து அணைந்து எரியலாம். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 10 வோல்ட்டோடு நின்றுவிடும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. இது தெரிந்தும் பொன்னாடை போர்த்துவதும் வாழ்த்துரையும் ஒன்பதரை வரை நடக்கின்றன. 10 மணிக்குப் போலீஸ் வந்து நிறுத்தினால் கூட்டத்தின் கோபம் எங்கள் மேல் திரும்புகிறது. மரியாதை செய்வதை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். நாலு மணிக்கே மேடை எங்கள் கைக்கு வந்தால் ஒயர் இழுத்து, மைக் பார்த்து, தபேலாவையும் சுருதி சேர்த்துவிடுவோம். கடலோர ஊர்களில் ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும் என்பதால், கச்சேரிக்குச் சற்று முன் மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.

இனி இரவுப் பயணம். 12 மணிக்குக் கச்சேரி முடிந்தால் ஒயர் சுற்றி, ஸ்பீக்கர் இறக்கி, வண்டியில் ஏற்றி முடிக்க ஒன்றரை மணி ஆகிவிடும். நாகர்கோவிலிலிருந்து மதுரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அந்த டிரைவர் காலையிலிருந்தே விழித்திருப்பவர். விடிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை மனித உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். டீயும் முகம் கழுவலும் தூக்கத்துக்கு ஈடாகாது. நான்குவழிச் சாலையோரம் பின்விளக்கில்லாமல் நிற்கும் லாரி அவர் கண்ணில் படுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வண்டிக்குள் பன்னிரண்டு பேர் தூங்கிக்கொண்டிருப்போம்.

ஊர் சமுதாயக் கூடமோ கல்யாண மண்டபமோ ஒரு ராத்திரி திறந்து கொடுங்கள். பாய், மின்விசிறி, தண்ணீர் போதும். டிரைவருக்கு மட்டும் தனியாக, சத்தமில்லாத இடம் வேண்டும். கச்சேரி நடக்கும்போதே அவர் படுத்துவிட வேண்டும். பாடகிகளுக்கு உள்தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் கச்சேரிக்கு முன்பிருந்தே தேவை. பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்புவது அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்பதை விழாக் குழுவில் உள்ள பெண்கள் அறிவார்கள்.

மீதிப் பணத்துக்காகப் பொருளாளரைத் தேடி இரண்டு மணிவரை காத்திருப்பதும் அந்த ராத்திரித் தூக்கத்தைத்தான் தின்கிறது. இடைவேளையிலேயே கணக்கை முடித்துவிடலாம். மழையால் கச்சேரி நின்றால் வண்டி வாடகையும் ஆட்களின் பேட்டாவும் யார் பொறுப்பு என்பதையும், மேடைக்கு எலக்ட்ரீஷியன் யார், அவர் கைபேசி எண் என்ன என்பதையும் அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுக் கலைஞர்கள் சிலர்,
மதுரை.