செயலாளர் ஆண்டறிக்கை: சித்திரை முதல் பங்குனி வரை ஆடு புலி ஆட்டம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சித்திரையில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்காக மதுரைத் தல்லாகுளத்தில் காத்திருந்தபோது, நம் உறுப்பினர் ஒருவர் நடைபாதையில் சாக்பீஸால் கட்டம் போட்டார். புலிக்கு 3 கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும்; ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைக்க வேண்டும். அழகரைப் பார்க்க உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "நீ புலிய வச்சுக்கய்யா, எனக்கு ஆடு போதும்" என்றார். கடைசி ஆட்டை இறக்கும்வரை ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. பிறகு நகர்த்த ஆரம்பித்து மூன்று புலியையும் அடைத்துவிட்டு, புளியங்கொட்டையை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் புலிதான் கேட்கிறார்கள். வெட்டுவது புலி மட்டும்தானே. அதனால் முதல் மூன்று வாரம் யார் வந்தாலும் ஆடுதான் என்று இந்த ஆண்டு மாற்றினோம். முக்கோணத்தின் குறுக்கே பெட்டி போட்ட கட்டத்தில் உள்ள 23 புள்ளிகளில், பெட்டியின் நான்கு மூலையிலும் முக்கோண அடிக்கோட்டின் இரண்டு முனையிலும் நிற்கும் ஆட்டைப் புலி தாண்ட முடியாது. கோடு அங்கேயே முடிகிறது, இறங்க இடமில்லை. பாட்டி முதலில் பிடித்த இடங்களும் அவைதான். 15 ஆடும் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்பதால் அவசரத்தில் நடுவில் வைத்தது மாட்டிக்கொள்ளும். ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று இதைக் கேட்டுவிட்டு, "ஓரத்துலயே நின்னா புலிய எப்படி சார் அடைக்கிறது?" என்றது. இந்த ஆண்டு வகுப்பில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி அது.

ஆடி மாதப் போட்டி தகராறில் முடிந்ததை மறைக்க விரும்பவில்லை. ஆறு ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்றார் ஒருவர். பத்து வெட்ட வேண்டும் என்றார் மேலூர்க்காரர். இரண்டு பேரும் சொன்னது அவரவர் வீட்டில் பழகிய கணக்கு, இரண்டுமே சரி. நேபாளத்தில் இதே மாதிரி ஆடும் பாக்சால் ஆட்டத்தில் 4 புலி, 20 ஆடு. ஐந்து வெட்டினால் புலி ஜெயித்தது என்று தெளிவாக இருக்கிறது. நாமும் இனி ஆட்டம் தொடங்கும் முன்பே கணக்கைப் பேசிப் பலகையில் எழுதிவிட வேண்டும். ஊர் வழக்கை ஒன்றாக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒரு வருத்தம். பக்கத்துக் கிராமத்து மந்தையில், உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான கல்லில் வெட்டியிருந்த பழைய கட்டத்தைப் படி எடுக்கப் போனோம். அதன்மேல் டைல்ஸ் ஒட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. தை மாதமே போயிருக்க வேண்டும், தள்ளிப்போட்டது நான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

உங்கள் ஊர்ச் சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ இப்படிக் கட்டம் இருந்தால் இன்றே என்னிடம் சொல்லுங்கள். வெள்ளைத்தாளும் கரியும் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை கிளம்பலாம்.

இப்படிக்கு,
செயலாளர்