லிப்போ பற்றரிகள் பற்றிய முறைப்பாடு

உவர்மலை,
திருகோணமலை.

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: 11.1 வோல்ற், 2200 மில்லிஅம்பியர் மணி லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரிகள் இரண்டு

ஐயா,

உங்கள் இணையக் கடையில் வாங்கிய இந்தப் பற்றரிகளைப் பற்றி இரண்டு தடவை தொலைபேசியில் சொன்னேன். இரண்டு தடவையும் “பிள்ளைகளின் வயரிங் பிழையாக இருக்கும்” என்றார்கள். அது சரியில்லை.

என் மகளும் இரண்டு தோழிகளும் இந்தப் பற்றரியில் ஓடும் சுமோ ரோபோ ஒன்றைச் செய்தார்கள். எதிர் ரோபோவை வளையத்துக்கு வெளியே தள்ளுவதுதான் போட்டி. எதிர் ரோபோவைத் தள்ளத் தொடங்கியதும் கட்டுப்பாட்டுப் பலகையின் நீல விளக்கு அணையும், இரண்டு விநாடியில் திரும்ப எரியும். அதற்குள் எங்கள் ரோபோ வளையத்துக்கு வெளியே கிடக்கும். போட்டியில் மூன்று சுற்றும் இப்படியே போயின.

உங்கள் பேச்சை நம்பி மகள் மூன்று இரவு கண்விழித்து எல்லா இணைப்பையும் கழற்றித் திரும்ப ஈயம் வைத்தாள். சுவிட்சையும் கனெக்டரையும் மாற்றினோம். பலனில்லை. அப்புறம் பலகைக்கு மட்டும் மடிக்கணினியிலிருந்து மின்சாரம் கொடுத்து, மோட்டார்களைப் பற்றரியில் ஓட்டினோம். விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. பலகையிலும் புரோகிராமிலும் குற்றமில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

நான் மீன்பிடிப் படகுகளுக்கு வயரிங் செய்பவன், மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றர் கையில் இருக்கிறது. சக்கரங்களை அசையாமல் பிடித்து அளந்தேன். உங்கள் பற்றரி சும்மா இருக்கும்போது 12.5 வோல்ற் காட்டுகிறது. அதை மட்டும் பார்த்தால் யாரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். 18 அம்பியர் இழுத்ததும் 6.9 வோல்ற்றுக்கு விழுகிறது. பலகைக்கு 5 வோல்ற் கொடுக்கும் ரெகுலேட்டருக்கு 7 வோல்ற்றாவது வேண்டும், அதனால்தான் விளக்கு அணைகிறது. தோழியின் அண்ணனிடம் இருந்த, இதே அளவுள்ள ஒரு பழைய ட்ரோன் பற்றரியை அதே வயரில் மாட்டினேன். 30 அம்பியர் இழுத்தும் 11.3 வோல்ற் நின்றது. கணக்குப் போட்டால் அதில் வயரோடு சேர்த்து 0.04 ஓம் தடை, உங்களுடையதில் 0.3 ஓமுக்கு மேல். லேபலில் 25சி என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் 2.2 அம்பியர் மணியின் 25 மடங்கு, அதாவது 55 அம்பியர் தர வேண்டும்.

இரண்டாவது பற்றரியும் இதே கதைதான். முதலாவது பற்றரி, சோதனைக்குப் பிறகு வீங்கிவிட்டது. 18 அம்பியரில் ஏறக்குறைய 100 வாற் சூடு உள்ளேயே போனால் வீங்காமல் என்ன செய்யும்? காய்ந்த மணல் வாளிக்குள் வைத்து முற்றத்தில் விட்டிருக்கிறேன். கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள், வழியில் தீப்பிடிக்கலாம். படங்களும் பற்றுச்சீட்டும் இணைத்துள்ளேன்.

இரண்டுக்கும் கொடுத்த முழுப் பணமும் 14 நாட்களுக்குள் வேண்டும். இதே தொகுதியை வாங்கிய மற்றவர்களுக்கு நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதைப் படுக்கை அருகே வைத்துச் சார்ஜ் போடுகிறார்கள். இவற்றைச் செய்யாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் இதே அளவீடுகளோடு போவேன்.

இன்னொன்று. வயரிங்கில் பிழை இல்லை என்று அந்த மூன்று பிள்ளைகளுக்கும் எழுத்தில் ஒரு வரி அனுப்புங்கள். மகள் இன்னும் தன் கைவேலையால்தான் தோற்றோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்