அல்புஹாரா உணவுப் பயணத்தில் அல்புஹாரா உணவே தராதது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கூடுதல் உணவுத் திட்டக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

கடந்த அக்டோபரில் உங்கள் ஸ்பெயின் குழுவில் நானும் அம்மாவும் வந்தோம். பயணக் கட்டணத்துக்கு மேல், "அல்புஹாரா மலைக்கிராம உணவு, 2 நாள்" என்ற திட்டத்துக்கு ஆளுக்கு 18,500 ரூபாய் தனியாகக் கட்டினோம். அல்புஹாரா, தென் ஸ்பெயினில் சியாரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவில் உள்ள கிராமப் பகுதி. அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விசா, ஹோட்டல், பஸ் எதிலும் எனக்குக் குறை இல்லை.

முதல் நாள் மதியம் மலை ஏறும் வழியில் ஒரு பெரிய சாலையோர உணவகத்தில் "அல்புஹாரா தட்டு" கொடுத்தார்கள். அந்தத் தட்டுக்கு உயிரே உருளைக்கிழங்குதான். வட்டமாக நறுக்கி, வெங்காயமும் காரமில்லாத நீள மிளகாயும் சேர்த்து, நிறைய ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில் வேகவிடுவார்கள். மொறுமொறுப்பாக இருக்காது, கரண்டி பட்டாலே உடையும். அதன் மேல் பொரித்த முட்டை, ரத்த சாஸேஜ், ஹாம். எங்களுக்கு வந்ததோ உறைய வைத்த ஃபிங்கர் சிப்ஸ்.

ஹாம் விஷயம் இன்னும் மோசம். "திரெவேலெஸ் ஹாம்" என்று உங்கள் பயணத் திட்டத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். திரெவேலெஸ், அந்தச் சரிவில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பன்றித் தொடையைக் கடல் உப்பில் புதைத்து எடுத்து, அந்த மலைக்காற்றில் ஒரு வருடத்துக்கு மேல் தொங்கவிடுகிறார்கள். உப்பைத் தவிர வேறு எதுவும் சேர்ப்பதில்லை. நம் திண்டுக்கல் பூட்டுக்கு இருப்பது போல அதற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. பரிமாறும் மேஜையில் கிடந்த பாக்கெட்டை நான் எடுத்துப் பார்த்தேன். சேர்மானப் பட்டியலில் ஈ-250 என்று இருந்தது. அது சோடியம் நைட்ரைட், இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம். ஆக, அது திரெவேலெஸ் ஹாம் இல்லை. படம் இணைத்திருக்கிறேன்.

அன்று இரவு கிரனாடா ஹோட்டலில் பயேயாவும், பழம் போட்ட ஒயின் பானமான சங்ரியாவும். பயேயா நல்ல சாப்பாடுதான், ஆனால் அது வலென்சியாவின் சோறு. அல்புஹாராவின் தென்பக்கம் கொன்ட்ரவியேசா மலையில் 1,000 மீட்டருக்கு மேலேயே திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் எடுக்கிறார்கள். அதில் ஒரு கிளாஸ்கூட எங்கள் கண்ணில் படவில்லை.

அம்மா சைவம். புக்கிங் செய்யும்போதே சொன்னேன். "மலையில் சைவம் எதுவும் கிடைக்காது மேடம்" என்று உங்கள் ஊழியர் சொன்னதால் இரண்டு நாளும் உங்கள் தரப்பில் அம்மாவுக்குக் கிடைத்தது ரொட்டியும் ஜாமும்தான். இரண்டாம் நாள் மழை. திரெவேலெஸ் போவதை ரத்து செய்துவிட்டு, அதே மலையில் உள்ள பம்பனெய்ரா கிராமத்தில் 40 நிமிடம் கடை பார்க்க விட்டீர்கள். மழைக்கு ஒதுங்கிய சின்ன பாரில் ஒரு பெண்மணி அகலச் சட்டியில் எதையோ விடாமல் கிளறிக்கொண்டிருந்தார். மீகாஸ். கோதுமை ரவை, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், தோலோடு பூண்டு. உதிரி உதிரியாக, ஓரம் பொன்னிறமாக. பார்த்ததும் அம்மா "உப்புமா மாதிரி இருக்கே" என்றார். மத்தி மீனோடு சாப்பிடுவது அங்கே வழக்கம். அம்மாவுக்காக மீனை விட்டுவிட்டு, வறுத்த மிளகாயும் ஒரு கொத்துத் திராட்சையும் வைத்துக் கொடுத்தார். சூடான ரவையோடு குளிர்ந்த திராட்சையைக் கடித்தபோது அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மழை பெய்தால் இங்கே மீகாஸ்தான் என்று அந்தப் பெண்மணி சொன்னதைப் போனில் மொழிபெயர்த்துப் புரிந்துகொண்டோம். பாதித் தட்டில் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

அம்மாவுக்கு 68 வயது. அந்த மலைக்கு அவர் இன்னொரு முறை போகப்போவதில்லை. எனக்குக் கோபமெல்லாம் இதில்தான். கிடைக்காது என்று நீங்கள் சொன்ன சாப்பாடு பஸ் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டில் இருந்தது.

இருவருக்குமான 37,000 ரூபாயை 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அப்புறம், திரெவேலெஸ் பெயரைத் திட்டத்தில் வைத்திருப்பதென்றால் ஆட்களை அங்கே கூட்டிப் போங்கள், இல்லையென்றால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். சைவம் கிடைக்காது என்று அடுத்த குழுவிடமும் சொல்லாதீர்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இணைப்பு: கட்டண ரசீது, பயணத் திட்டம், பாக்கெட்டின் படம்.

இப்படிக்கு,
அக்டோபர் குழுவில் வந்த பயணி