சிட்னிக்கு வரலாமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வெஸ்ட்மீட் மருத்துவமனையில் கிடைத்திருக்கும் செவிலியர் வேலையை ஏற்றுக்கொண்டு, லீட்ஸ் நகரை விட்டுக் குடும்பத்தோடு சிட்னிக்கு வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை என்பதால் எழுதுகிறேன். இதே கேள்வியைப் பிரிட்டனில் பணிபுரியும் நம் ஊர்ச் செவிலியர் வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், உன் சம்மதத்தோடு இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீ பக்கத்தில் வந்து இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் சொல்வதில் அந்த ஆசை கலந்திருக்கும் என்று கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டே படி.

நீ சொன்ன காரணங்கள் மூன்று: வெயில், கடல், பல நாட்டு மக்கள் கலந்து வாழும் ஊர். மூன்றும் உண்மைதான். ஆனால் படங்களில் காணும் சிட்னி, துறைமுகத்தையும் கிழக்குக் கடற்கரையையும் ஒட்டிய மெல்லிய ஒரு பட்டை. உன் வேலையும், உன்னால் வாடகை கொடுக்க முடிகிற வீடும், பாப்பாவின் பள்ளியும் அங்கிருந்து மேற்கே இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் அப்பால், பாரமட்டாவைச் சுற்றி இருக்கும். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் இந்த நகரத்தில் ஒருவர் குடியேறுவது உண்மையில் ஒரு புறநகருக்கும் ஒரு ரயில் தடத்துக்கும்தான். ஆகவே நீ முடிவு செய்ய வேண்டியது மேற்குச் சிட்னியை வைத்தே. கடற்கரைச் சிட்னியை வைத்து அல்ல.

வெயிலை எடுத்துக்கொள். லீட்ஸில் கிடைப்பதைப்போல ஏறக்குறைய இருமடங்கு வெயில் நேரம் ஆண்டுதோறும் இங்கே கிடைக்கும். நவம்பர் தொடங்கி மார்ச் வரை நீ படும் அந்தச் சாம்பல் நிற மனச்சோர்வு இங்கே வராது என்பதை உறுதியாகச் சொல்லலாம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்கூட நீல வானமும் உலர்ந்த காற்றுமாகப் பகல் அழகாகவே இருக்கும். ஆனால் கோடையில் கடற்கரையைக் குளிர்விக்கும் வடகிழக்குக் காற்று மேற்கே வந்து சேர்வதற்குள் தளர்ந்துவிடுகிறது. அதனால் கடலோரம் முப்பது பாகை செல்சியஸ் இருக்கும் நாளில் பாரமட்டாவுக்கு அப்பால் நாற்பதை நெருங்கிவிடுவது உண்டு. 2020ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, சிட்னியின் மேற்கு விளிம்பில் உள்ள பென்ரித்தில் 48.9 பாகை பதிவாயிற்று. பாளையங்கோட்டையில் பிறந்தவளுக்கு வெயிலைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை என்று நீ நினைக்கலாம். நம் ஊர் வீடுகள் வெயிலை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. இங்குள்ள மேற்குப் புறநகர் வீடுகள் பலவற்றில் இருண்ட நிறக் கூரை, மரமற்ற தெரு, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். அதே ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்தான் குளிர்காலத்திலும் தொல்லை தரும். வீடு முழுவதையும் சூடாக்கும் ரேடியேட்டர் அமைப்பு பெரும்பாலான வாடகை வீடுகளில் இல்லாததால், பிரிட்டனிலிருந்து வருபவர்கள் இங்குள்ள ஜூலை மாதத்தில்தான் வீட்டுக்குள் முதன்முறையாகக் குளிரில் நடுங்கினோம் என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மழையும் உண்டு. நம் ஊரைப்போல ஒரு பருவத்தில் கொட்டி ஓய்வதில்லை. ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும். 2022இல் 2500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து, நகரில் மழை அளக்கத் தொடங்கிய நாள்முதல் இல்லாத சாதனையாயிற்று. வாடகைக்கு வீடு பார்க்கும்போது குளியலறைக் கூரையிலும் அலமாரியின் உட்புறத்திலும் பூஞ்சைக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பளபளப்பான சமையலறையைப் பார்த்து மயங்கக் கூடாது.

வெயிலைப் பற்றி இன்னொன்று. தோல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் இது ஒன்று. கோடையில் புற ஊதாக் குறியீடு பதினொன்றைத் தாண்டுவது சாதாரணம். சட்டை அணி, களிம்பு பூசு, தொப்பி போடு என்று 1981இல் தொடங்கிய பிரசாரம் இன்றும் பிள்ளைகளின் வாயில் புழங்குகிறது. தொப்பி கொண்டுவராத பிள்ளையைப் பள்ளி மைதானத்தில் விளையாட விடமாட்டார்கள். நம் நிறத்துக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டென்றாலும் அது முழுப் பாதுகாப்பு ஆகாது என்பதைச் செவிலியாகிய உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இனிக் கடல். வெஸ்ட்மீட்டில் ரயில் ஏறி, நகர மையத்தில் வண்டி மாறி, பாண்டை சந்திப்பில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்தால்தான் பாண்டை கடற்கரை. கதவிலிருந்து கதவுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள். கடற்கரைக்கே ரயில் கிடையாது. காரில் போனால் சுங்கக் கட்டணமும் வண்டி நிறுத்த இடம் தேடும் அலைச்சலும் சேரும். மேற்கில் வாழும் பலருக்குக் கடல் என்பது விருந்தினர் வந்தால் அழைத்துச் சென்று காட்டும் இடமாக ஆகிவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. போகும் நாளில் அது தரும் நிறைவு பெரியது. பாரமட்டாவிலிருந்து ஆற்றுவழியே துறைமுகம்வரை செல்லும் படகு, என் கருத்தில், இந்த நகரம் தன் மக்களுக்குக் குறைந்த விலையில் தரும் மிகச் சிறந்த பொருள். ஆனால் கடலில் இறங்கும்போது சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்க வேண்டும். உள்ளிழுக்கும் நீரோட்டம் இங்கே சுறாவைவிடப் பன்மடங்கு உயிர்களை வாங்குகிறது. அலைகடலில் நீந்திப் பழகாத புதுக்குடியேறிகள் அதில் சிக்கும் செய்தி கோடைதோறும் வருகிறது. பாப்பாவை வந்தவுடன் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடு.

பல நாட்டு மக்கள் வாழும் ஊர் என்ற உன் மூன்றாம் காரணம்தான் மூன்றிலும் வலுவானது என்பேன், அது உன் வாசலிலேயே இருப்பதால். பெருநகர சிட்னியில் பத்தில் நான்கு பேருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். கப்ரமட்டாவில் வியட்நாமியர், லகெம்பாவில் லெபனானியர், ஆபர்னில் துருக்கியர், ஹாரிஸ் பார்க்கில் வட இந்தியர் என்று ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் கடைப்பலகையின் எழுத்து மாறும். வெஸ்ட்மீட்டுக்கு அடுத்த நிலையம் வென்ட்வொர்த்வில். அதற்கடுத்து பென்டில் ஹில், டூங்காபி. அங்கெல்லாம் தமிழ் காதில் விழாமல் கடைத்தெருவைக் கடக்க முடியாது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர்; அவர்களில் பெரும்பாலோர் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் விக்டோரியாவிலும் வாழ்கிறார்கள்.

இந்தத் தமிழ் வாழ்வின் அடித்தளத்தைப் பெரிதும் இட்டவர்கள் 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் என்பதை நீ மறக்கக் கூடாது. மேஸ் ஹில்லில் உள்ள முருகன் கோயிலும், சனி ஞாயிறுகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகளும் அவர்களுடைய உழைப்பில் நிமிர்ந்தவை. நம்மைப்போல் தமிழகத்திலிருந்து பின்னால் வந்தவர்கள், அவர்கள் போட்ட பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறோம். மேல்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுத்து எழுத இங்கே வழி உண்டு. லீட்ஸில் பாப்பா தமிழை மறந்துவருகிறாள் என்று வருந்துகிறாயே, அந்த வருத்தத்துக்கு இதைவிட நல்ல மருந்தை என்னால் சொல்ல முடியாது.

ஆனால் கலந்து வாழ்வது வேறு, அடுத்தடுத்து வாழ்வது வேறு. இங்கே பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. வெள்ளையர்க்கு மட்டும் என்ற குடியேற்றக் கொள்கை 1901இல் சட்டமாகி 1973இல்தான் முற்றாக நீங்கிய நாடு இது. 2005 டிசம்பரில் குரோனல்லா கடற்கரையில் மத்தியக் கிழக்குத் தோற்றம் உடையவர்களைக் கூட்டம் துரத்தி அடித்தது. 2025 ஆகஸ்டு இறுதியில் பல நகரங்களில் குடியேற்றத்துக்கு எதிரான பேரணிகள் நடந்தன. அவற்றுக்கு ஆள் சேர்த்த துண்டறிக்கைகள் இந்தியர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டன. அன்றாட வாழ்வில் இது உன்னைத் தொடாமலே போகலாம். ஆயினும் பிரிட்டனில் காணும் எரிச்சல் இங்கே அறவே இல்லை என்ற எண்ணத்தோடு வர வேண்டாம்.

இப்போது பணம். இங்கே வாடகையை வாரக்கணக்கில் சொல்வார்கள். நகரம் முழுவதற்குமான நடுமட்ட வாடகை வாரத்துக்கு 700 டாலரைத் தாண்டிவிட்டது. அதை நான்கால் பெருக்கி மாத வாடகை என்று நினைத்துவிடாதே, ஐம்பத்திரண்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 3000 டாலருக்கு மேல் வரும். முன்பணம் நான்கு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தத் தொகையும் வீட்டுக்காரரிடம் அல்லாமல் அரசிடம் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வாடகையை உயர்த்த முடியாது. 2025 மே மாதம் முதல் காரணம் காட்டாமல் வெளியேற்றவும் முடியாது. லீட்ஸில் நீ கட்டும் கவுன்சில் வரி இங்கே வீட்டு உரிமையாளருடைய பொறுப்பு. சனிக்கிழமை காலையில் பதினைந்து நிமிடம் வீட்டைத் திறந்து காட்டுவார்கள்; வரிசையில் நின்று பார்த்து, சம்பளச் சீட்டோடு விண்ணப்பம் போட வேண்டும். சொந்த வீடு பற்றி இப்போதைக்குப் பேசவே வேண்டாம். தனி வீட்டின் நடுமட்ட விலை 15 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

சம்பளத்தை டாலரிலிருந்து பவுண்டுக்கு மாற்றிப் பார்த்து மகிழ்ந்திருப்பாய். அதோடு குயின்ஸ்லாந்து மாநிலம் தன் செவிலியர்க்கு என்ன கொடுக்கிறது என்பதையும் பார். நியூ சவுத் வேல்ஸ் செவிலியர்கள் 2024இல் 15 விழுக்காடு உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்ததற்கு, மற்ற மாநிலங்களைவிடப் பின்தங்கிவிட்டோம் என்ற மனக்குறையே காரணம். வெயிலும் கடலும்தான் முதல் நோக்கம் என்றால், பிரிஸ்பேன் அவற்றைக் குறைந்த வாடகையிலும் கூடுதல் சம்பளத்திலும் தரும். அங்கே அக்கா இல்லை என்பது மட்டும்தான் குறை.

விசாவில் மிகக் கவனமாக இரு. தற்காலிகப் பணி விசாவில் வந்தால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ள உனக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்காது. இந்த மாநிலத்தில் பாப்பாவின் அரசுப் பள்ளிக்கும் கட்டணம் கேட்பார்கள். நிரந்தர விசாவில் வந்தால் இரண்டு சுமையும் இல்லை. பிரிட்டனில் பதிவுபெற்றுப் பணிசெய்த செவிலியர்க்கு 2025 ஏப்ரல் முதல் பதிவு எளிதாகியிருப்பதால், பொறுத்திருந்து நிரந்தர வழியில் வருவது உன்னால் ஆகக்கூடியதே. பிரிட்டனின் நிரந்தர வசிப்புரிமை, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வெளியே இருந்தால் இழந்துபோகும் என்பதையும் நினைவில் வை. வேறுவிதமாகப் பார்த்தால், இரண்டு ஆண்டு நிறைவதற்குள் திரும்பிப் போகலாம் என்ற கதவு உனக்குத் திறந்தே இருக்கிறது.

என் சித்தியான உன் அம்மாவைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் உன் மனத்தில் அதுதான் முதலில் இருக்கும். பிரிட்டனில் 2012க்குப் பிறகு பெற்றோரை நிரந்தரமாக அழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். இங்கே வழி உண்டு. பிள்ளைகளில் பாதிப்பேராவது இங்கே நிரந்தரமாக வாழ வேண்டும் என்ற நிபந்தனைக்கு நீயும் ஊரில் இருக்கும் தம்பியுமாகப் பொருந்திவிடுவீர்கள். ஆனால் சாதாரண வரிசையில் காத்திருப்பு முப்பது ஆண்டு, ஒருவருக்கு 40 ஆயிரம் டாலருக்கு மேல் கட்டும் வரிசையிலும் பல ஆண்டுகள். மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கான தற்காலிகப் பெற்றோர் விசாவைத்தான் நடைமுறையில் நம்பலாம். விமானத்தில் சென்னைக்கு நேர்வழி இல்லை. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் மாற வேண்டும். ஆனால் ஒன்றில் நீ நிச்சயம் லாபமடைவாய். லீட்ஸில் நீ வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும்போது சித்திக்கு நள்ளிரவு கடந்திருக்கும். சிட்னியில் அதே எட்டு மணி என்பது சித்திக்குப் பிற்பகல் இரண்டரை அல்லது மூன்றரை. சாப்பிட்டு எழுந்து உன் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரம்.

என் கருத்தைக் கேட்டால், நிரந்தர விசாவோடு, வெஸ்ட்மீட்டுக்கு நடந்தோ இரண்டு நிலையத் தொலைவிலோ போகக்கூடிய வீட்டில், முதல் இரண்டு ஆண்டுகள் வீடு வாங்கும் பேச்சே இல்லாமல் இருக்க முடியுமானால் வா. தற்காலிக விசா மட்டும்தான் என்றால் வேண்டாம். மாப்பிள்ளையின் கணக்கர் வேலைக்கு உள்ளூர் அனுபவம் கேட்பார்கள் என்பதால், ஆறு மாதமேனும் உன் ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்தக் கணக்குப் போட்டுக்கொள். முடிந்தால் அவர் மட்டும் ஜூலையில் ஒருமுறை வந்து எங்களோடு தங்கிப் பார்க்கட்டும். கோடையில் வந்தால் எல்லோருக்கும் பிடித்துவிடும்.

ஆஃபர் கடிதத்தில் எந்த விசாவுக்கு ஆதரவு தருவதாக எழுதியிருக்கிறார்கள், இடப்பெயர்வுச் செலவைத் தந்தால் எத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற இரண்டு பத்திகளையும் படம் எடுத்து அனுப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அவற்றை இருவரும் சேர்ந்து படித்துவிடுவோம்.

அன்புடன்,
அக்கா