காயலான் கடையில் கிடந்த ஸ்காமெல்

லீட்ஸ்,
24 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தங்கச்சியிடம் சொல்லி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பட்டறைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. வெயிலைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் மழை இல்லாவிட்டால். முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது இப்போதுதான் கொஞ்சம் நாக்குக்குப் பழகுகிறது. சரி, இதெல்லாம் போனிலேயே சொன்னதுதான். இந்தக் கடிதம் ஒரு லாரியைப் பற்றியது. போனில் சொன்னால் பாதிதான் உங்களுக்கு வந்து சேரும்.

போன வாரம் ஒரு பழைய டிரெய்லருக்கு பிரேக் டிரம் தேடி, ஊருக்கு வெளியே இருக்கும் காயலான் கடைக்கு என்னை அனுப்பினார்கள். கடைசி வரிசையில், முள்செடிக்குள் ஆறு சக்கர வண்டி ஒன்று நின்றது. கேபின் இல்லை. ரேடியேட்டர் இல்லை. பேர்த்தகடு ஒன்றுகூட இல்லை. செம்பு, பித்தளை எதுவாக இருந்தாலும் யாரோ எப்போதோ கழற்றி விற்றுவிட்டார்கள். கடைக்காரர், “பழைய ஃபோடன் லாரியாக இருக்கும், ஜனவரியில் வெட்டி எடைக்குப் போட்டுவிடுவேன்” என்றார்.

இன்ஜினைப் பார்த்ததும் அவர் ஏன் அப்படி நினைத்தார் என்று புரிந்தது. மும்மூன்று சிலிண்டராக இரண்டு பிளாக், கீழே அலுமினிய கிராங்க் கேஸ். கார்ட்னர் 6எல்டபிள்யூ, அப்பா! மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பாட்ரிக்ராஃப்டில் செய்தது. 8.4 லிட்டர், 102 குதிரைத்திறன். நம் காலத்து வண்டியோடு ஒப்பிட்டால் இத்தனை பெரிய இன்ஜினுக்கு இது குறைவுதான், ஆனால் அதன் உழைப்பைப் பற்றி இங்கே வயதான மெக்கானிக்குகள் இன்னமும் மரியாதையோடு பேசுகிறார்கள். ஆனால் ஃபோடன், ஈஆர்எஃப், அட்கின்சன் என்று எத்தனையோ லாரி கம்பெனிகள் இதையே வாங்கிப் பொருத்தின. இன்ஜினை மட்டும் வைத்து வண்டியின் பேரைச் சொல்லிவிட முடியாது.

“பேரைப் பார்க்காதே, அடியில் படுத்துப் பார்” என்பீர்களே, படுத்தேன். தரை முழுக்க ஈரம், முதுகு நனைந்துவிட்டது.

பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு என்று முன்னும் பின்னுமாகச் சக்கரங்கள். அப்படியென்றால் இரண்டு ஆக்சில், சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்க இரண்டு டிஃபரன்ஷியல் இருக்க வேண்டும் இல்லையா? இருந்தது ஒன்றுதான். டார்ச் அடித்து மறுபடியும் பார்த்தேன், ஒன்றேதான். சக்கரங்களுக்கு நடுவில் ஒரே ஓர் ஆக்சில். அதன் இரண்டு முனையிலும் கிணற்று ஏற்றத்தின் துலா மாதிரி ஒரு நீளமான இரும்புப் பெட்டி, நடுவில் தொங்கி முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரு முனையில் முன்சக்கரம், மறு முனையில் பின்சக்கரம். பெட்டிக்குள் வரிசையாகப் பல்சக்கரங்கள். அவை வழியாகத்தான் இரண்டு சக்கரத்துக்கும் ஓட்டம் போகிறது. ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் அடுத்தது பள்ளத்தில் இறங்கும். நாலும் தரையை விடாது. முன்பக்கம் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே யோசனை. ஸ்பிரிங் பட்டை நீளவாக்கில் இல்லை, குறுக்காக ஒன்றே ஒன்று. முன் ஆக்சில் நடுவில் மாட்டப்பட்டு இருபுறமும் சாய்ந்து கொடுக்கிறது.

இந்த இரண்டும் சேர்ந்த வண்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் நூலகத்துக்குப் போய்ப் பழைய ராணுவ வண்டிகளைப் பற்றிய புத்தகத்தைப் புரட்டினேன். அந்த ‘துலா’ அப்படியே படத்தில் இருந்தது. ஸ்காமெல் பயனியர். லண்டனுக்கு வடக்கே வாட்ஃபோர்டில் செய்தது. ஆலிவர் நார்த் என்ற பொறியாளர் வடிவமைத்து 1927-இல் வெளிவந்தது, ரோடே இல்லாத இடங்களில் பாரம் இழுப்பதற்காக. அப்புறம் இரண்டாம் உலகப் போரில் இதே வண்டி பீரங்கி இழுத்தது, டாங்கி சுமந்தது, பழுதான வண்டிகளைக் கட்டி இழுத்து வந்தது.

நம்முடையது அந்தக் கடைசி வகை. பின்னால் கிரேனின் கை துருப்பிடித்துக் கிடக்கிறது. டாங்கி சுமக்கும் வகையானால் டிரெய்லரைத் தாங்கும் வட்டத் தட்டு அங்கே இருந்திருக்கும். சேஸிஸில் ஓரிடத்தைச் சுரண்டினேன். மேலே மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு, அடியில் ராணுவப் பச்சை. போர் முடிந்து ராணுவம் விற்ற பயனியர்களை இங்கே கராஜ்காரர்களும் திருவிழா ராட்டினக்காரர்களும் வாங்கி வருஷக்கணக்கில் ஓட்டினார்களாம். அந்தச் சிவப்பும் மஞ்சளும் அப்படி ஏறியவைதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். ஸ்காமெல் கம்பெனியை லேலண்ட் வாங்கியது 1955-இல். நம் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் ஆனதும் அதே வருஷம்தான். நீங்கள் ஆயுசு பூராவும் பழுது பார்த்த லேலண்ட் காமெட் லாரிக்கு இது ஒருவகையில் பெரியப்பா முறை. வாட்ஃபோர்ட் தொழிற்சாலை 1988-இல் மூடப்பட்டுவிட்டது.

மறுநாளே படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு வண்டியை வெட்டப்போவதில்லை என்றும், பழைய வண்டிகளைப் பராமரிக்கும் ஆட்கள் யாராவது வாங்க வரும்வரை வைத்திருப்பதாகவும் சொன்னார். சனிக்கிழமைகளில் வந்து இன்ஜினைப் பார்க்க எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். ஓடும் இன்ஜின் என்றால் வாங்குகிறவர்கள் சீக்கிரம் வருவார்கள்.

நேற்று நெம்பிப் பார்த்தேன், அசையவே இல்லை. பிஸ்டன்கள் இறுகியிருக்கின்றன. முன்பு ஒரு முறை வெள்ளத்தில் நின்ற காமெட்டை நீங்கள் உயிர்ப்பித்தது எனக்கு நினைவிருக்கிறது. சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயோடு என்ன கலந்து ஊற்றினீர்கள்? எத்தனை நாள் ஊறவிட்டீர்கள்? அளவோடு எழுதுங்கள், இல்லை தங்கச்சியை எழுதச் சொல்லுங்கள். அதுவரை அதில் கை வைக்க மாட்டேன்.

படங்களை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது படத்தில் அந்த துலா தெளிவாகத் தெரியும்.

உங்கள் அன்பு மகன்